வடக்குப்பட்டு மச்சானும் ஆர்டென் காட்டுக் குழவியும்

1

இந்த மாதம், 1991 டிசம்பரில், எங்கள் ஊரில் போர் நினைவு நாள் நடந்தது. எங்கள் ஊர் என்று நான் சொல்வது காஞ்சிபுரம் பக்கத்துச் சொந்த ஊரான வடக்குப்பட்டை அல்ல. பெல்ஜியத்தின் தெற்கே ஆர்டென் என்று ஒரு மலைக்காடு இருக்கிறது. அதன் நடுவில், பிரெஞ்சு பேசும் ஒரு சிற்றூரில்தான் நானும் வசந்தாவும் மகள் மலரும் இருக்கிறோம்.

1944 டிசம்பரில் ஜெர்மன் படை இந்தக் காட்டுக்குள் மறைந்து வந்து அமெரிக்கர்கள் மேல் பாய்ந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் பனியில் சண்டை. எங்கள் ஊர் இரண்டு தடவை கை மாறியதாம். மாதா கோயில் கோபுரமும் பாதித் தெருவும் எரிந்து போயின. அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் எல்லோரும் ஒரு கல்தூணைச் சுற்றிக் குளிரில் நிற்போம். பேண்டு வாசிப்பவர்களின் உதடு குழலோடு ஒட்டிக்கொள்ளும். மேயர் பேசுவார். பிறகு பள்ளிக்கூட ஹாலில் சூடான சூப்பு.

இந்த வருடம் சூப்புக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் மச்சான் எப்படி இருக்கிறார்?" இந்த ஊரில் எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. முனுசாமி என்ற என் பெயரை "முனிஸ்" என்று சுருக்கியதைத் தவிர இவர்கள் என்னைப் பற்றி விசாரித்ததே இல்லை. மூன்று வாரம் தங்கிவிட்டுப் போன ஏகாம்பரம் மச்சானை மட்டும் மேயர் முதல் பேக்கரிக்காரி வரை எல்லோரும் விசாரித்தார்கள்.

இதற்கிடையில் ஊரிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான். ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் மச்சான் சொல்லும் கதையில் துப்பாக்கிச் சூடு வருகிறதாம், ஒரு டேங்கும் வருகிறதாம். அப்படி ஒன்றும் வரவில்லை. வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நீங்கள் படித்துவிட்டு அவரையும் நம்புங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு மர அறுவை மில்லில் ரம்பப் பட்டைகளைத் தீட்டும் வேலை எனக்கு. படப்பை பக்கம் நான் வேலை பார்த்த மரப்பட்டறைக்கு இங்கேயிருந்து ஒரு பழைய இயந்திரம் வந்தது. அதைப் பொருத்த வந்த வெள்ளைக்காரர் என்னை இங்கே அழைத்துக்கொண்டார். வந்த முதல் வாரத்திலேயே பீச் என்கிற ஒரு பெரிய காட்டு மரத்தை அறுக்கும்போது ரம்பத்தின் பற்கள் பொலபொலவென்று கொட்டின. மரத்துக்குள் ஆணி இருக்கும் என்று நினைத்தேன். பிளந்து பார்த்தால் உள்ளே கருப்பாக ஒரு குண்டுச் சிதறல். சண்டையில் பாய்ந்தது, மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொண்டது. இந்தக் காட்டு மரங்களில் பாதிக்கு வயிற்றில் இரும்பு இருக்கிறது. அந்தச் சண்டை நடந்ததால்தான் எனக்கு இங்கே நிரந்தர வேலை என்று மில்லில் கேலி செய்வார்கள்.

மச்சான், அதாவது வசந்தாவின் அண்ணன், பென்னலூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் லைன் சூபர்வைசர். செப்டம்பரில் அங்கே லாக்-அவுட். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அக்டோபரில் விசிட் விசாவில் புறப்பட்டு வந்துவிட்டார். சூட்கேஸில் ஒரு பக்கம் சுக்கு, மல்லி, புளி. மறு பக்கம் ஒரு தீர்மானம்.

அந்தத் தீர்மானம் மலரைப் பற்றியது. மலருக்கு வயது பதிமூன்று. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். மச்சான் வந்த அன்று வற்புறுத்தித் தமிழ் பேச வைத்தோம்.

"இன்னா கிளாஸ் படிக்கிறே பாப்பா? வயசு இன்னா ஆவுது?"

மலர் யோசித்துச் சொன்னாள்: "நான் பதிமூணு வயசு வச்சிருக்கேன் மாமா."

பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். மச்சான் கையிலிருந்த தோசை அப்படியே நின்றது.

"வச்சிருக்கியா? எங்க வச்சிருக்கே? அலமாரியிலயா?"

மலர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இது சரியா வராது. பொண்ணு கை விட்டுப் போய்க்கினு கீது. நான் போறப்போ கூட இட்டுக்கினு போறேன். காஞ்சிபுரத்துல நல்ல ஸ்கூல் கீது, என் வூட்டுல இருந்து படிக்கட்டும்."

நான் அவரைத் திருத்தும் தகுதியில் இல்லை. வந்த புதிதில் முதலாளி வீட்டு விருந்தில் "வயிறு நிறைந்துவிட்டது" என்று நினைத்து நான் சொன்ன சொல்லை, இவர்கள் சினைமாட்டுக்குத்தான் பயன்படுத்துவார்களாம். முதலாளியம்மா எனக்கு வாழ்த்துச் சொன்னார். ஆனால் வசந்தா அழ ஆரம்பித்தாள். மகள் தன்னிடம் பேசுவதே இல்லை என்ற வருத்தம் அவளுக்கு வெகுநாளாக உண்டு. "அண்ணன் சொல்றது நல்லதுக்குத்தான்னு தோணுது" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச வராதே தவிர, தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். அன்றிலிருந்து எங்களிடம் பிரெஞ்சிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

3

வசந்தாவுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. அது குழவி. பழைய சாமான் சந்தையில் ஒரு கல்தொட்டி வாங்கி வைத்திருந்தாள். இவர்கள் தோட்டத்தில் குருவிக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி அது. அவள் அதை உரல் என்று தீர்மானித்துவிட்டாள். இடிப்பதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. "மிக்ஸியில போட்டா தொவையலா வருது? கஞ்சியாட்டம் வருது" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மச்சான் காட்டுப் பாதையில் நடக்கப் போனார். வழி தவறிவிட்டது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி மரங்கள். கடைசியில் ஒரு வண்டிப்பாதை ஓரம் ஒரு கம்பமும் அதில் ஒரு பலகையும் கண்ணில் பட்டன. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் எழுத்து தெரியும். முதல் சொல் அட்டென்ஷன். அதற்குக் கீழே ஓ, பி, யூ, எஸ்.

பிரெஞ்சில் அந்த நான்கு எழுத்தையும் சேர்த்து "ஒபு" என்று சொல்வார்கள். பீரங்கிக் குண்டு என்று பொருள். "எச்சரிக்கை, குண்டு" என்று காட்டிலாகாக் காவலர் எழுதி வைத்திருந்த பலகை அது. மரம் வெட்டும்போது கிடைத்த ஒரு வெடிக்காத குண்டைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, ராணுவ வண்டி வந்து எடுத்துப் போகட்டும் என்று விட்டிருந்தார்.

மச்சான் அதை "ஓ பஸ்" என்று படித்தார். பஸ் நிறுத்தம். அட்டென்ஷனுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "நம்ம ஊர்ல மாதிரி முண்டியடிச்சிக்கினு ஏறக் கூடாதுன்னு போட்டுக்கிறான் மாப்ள. டிசிப்ளின். ஒழுங்கா நில்லுன்னு அர்த்தம்." ஒழுங்காக நின்றார். மழை தூறியது, இரண்டு மான்கள் கடந்து போயின, பஸ் வரவில்லை. நின்று நின்று கால் வலித்துக் கீழே பார்த்தபோதுதான் அது தெரிந்தது. முழங்கை நீளம். ஒரு முனை கூம்பு. துரு ஏறியிருந்தாலும் வடிவம் அப்படியே குழவி.

அதைத் தன் சால்வையில் சுற்றிக் குழந்தையைப் போல மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். நடுவழியில் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டார். மேடும் பள்ளமுமான பாதை. மச்சான் அந்தப் பயணத்தை ரசித்ததாகவே சொன்னார்.

நான் மில்லில் இருந்தேன். அண்ணனும் தங்கையுமாக அதைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, குங்குமம் வைத்திருக்கிறார்கள். அன்று மாலை பருப்புத் துவையல். நான் வருடக்கணக்காக அப்படி ஒரு துவையல் சாப்பிட்டதில்லை. இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். "இன்னைக்கு இன்னா விசேஷம்?" என்றேன். "எல்லாம் அண்ணன் கைராசி" என்றாள் வசந்தா. மறுநாள் தேங்காய்ச் சட்னி. அதுவும் பிரமாதம். மரத்துக்குள் நகக்கண் அளவு இரும்பு இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் என்று மில்லில் பெயர் வாங்கியவன் நான். என் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

4

புதன்கிழமை இங்கே பள்ளிக்கூடம் அரை நாள். மலர் மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். பின்கட்டில் அவள் அம்மா உட்கார்ந்து மிளகாய்ப்பொடிக்கு மல்லி இடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது: தொடாதே, நகரு, பெரியவர்களிடம் சொல். இங்கே பெரியவர்களே அதைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலர் முதலில் பிரெஞ்சில் கத்தினாள். அம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு தமிழ் வந்தது.

"அம்மா! கீழ வைக்காதே! இல்ல, வை! மெதுவா வை! ரொம்ப மெதுவா!"

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"அது... அது பேர் தெரியல. வெடி! தீபாவளி வெடி மாதிரி, ஆனா பெரிய்ய வெடி! வீடு போயிடும்!"

மச்சான் ஊஞ்சல் நாற்காலியிலிருந்து சிரித்தார். "தீபாவளிக்கு இன்னும் நாள் கீது பாப்பா."

மலர் அவர் முன்னால் போய் நின்றாள். "மாமா. இது சண்டைல சுட்ட குண்டு. இன்னும் வெடிக்கல. எழுந்திரு."

மச்சானின் சிரிப்பு நின்றது. ஃபேக்டரியில் பாய்லர் பக்கத்தில் வேலை பார்த்தவர். இந்தக் குரல் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். எழுந்தார். ஆனால் வசந்தா அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, அணைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அவளை இருவருமாகத் தூக்காத குறையாக வெளியே இழுத்து வந்தார்கள். மலர் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போலீசுக்குப் போன் செய்தாள். அங்கிருந்து மில்லுக்கும் போன் வந்தது. முதலாளி என்னிடம் ஓடி வந்து, "முனிஸ், உன் சமையலறையில் குண்டு இருக்கிறதாம்" என்றார். இந்த மொழியில் எனக்கு நிறையத் தவறாகக் காதில் விழும். அப்படித்தான் ஏதோ விழுந்திருக்கிறது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே காலி. எல்லோரையும் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே பாட்டிமார் வீட்டுச் செருப்போடும், ஒருவர் பாதி மழித்த தாடியோடும், நடுவில் என் மச்சான் லுங்கியும் சால்வையுமாகவும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அவருக்குக் காப்பி கொடுத்திருந்தார்கள். வசந்தா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராணுவத்தின் வெடிகுண்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களின் தலைவர், தலைக்கவசத்தோடு இருந்த ஒரு பெரிய மீசைக்காரர், எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து மலரிடம் கேட்டார்: "உன் அம்மா இதை எப்படிப் பிடித்து இடித்தார்?"

மலர் கேட்டுச் சொன்னாள். வசந்தா எழுந்து நின்று, இரண்டு கையாலும் உலக்கை பிடிப்பது போலப் பிடித்து இடித்துக் காட்டினாள்.

"எந்தப் பக்கம் கீழே? வெடிக்க வைக்கும் ஊசி கூர்முனையில்தான் இருக்கிறது."

"கூர் இருக்கிற பக்கந்தான் மேல. புடிச்சிக்க வாட்டமா இருந்துச்சி. தட்டையா இருக்கிறதுலதான் இடிச்சேன்" என்றாள் வசந்தா. "மொத நாளு மட்டும் தெரியாம தலைகீழா புடிச்சிட்டேன்."

மலர் கடைசி வாக்கியத்தையும் விடாமல் மொழிபெயர்த்தாள். தலைவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார்.

5

குண்டை மணல் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். மச்சானைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். பழைய போர்ச் சாமான்களைத் திருடி விற்கும் கும்பல் ஒன்று காட்டில் திரிகிறதாம். மூன்று நாளாகக் காட்டிலாகாக் காவலர் ரெனே காணாமல் போன குண்டைத் தேடிக்கொண்டிருந்தாராம். நானும் மலரும் கூடப் போனோம். மலர்தான் மொழிபெயர்த்தாள். என் பிரெஞ்சை மச்சானின் வழக்குக்குப் பயன்படுத்தினால் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்திருக்கும்.

இளைஞரான போலீஸ்காரர் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்: "எதற்காக எடுத்தார்?"

"அரைக்கிறதுக்கு."

"எதை?"

"பருப்பு, தேங்கா, மல்லி" என்றார் மச்சான். "இஞ்சியும் போட்டுக்கோ."

போலீஸ்காரர் நான்கையும் எழுதிக்கொண்டார். இஞ்சிக்கு எழுத்துப் பிழை வந்து ரப்பரால் அழித்தார். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த இடத்தைப் படிக்க ஆரம்பித்தார். வடக்குப்பட்டு அவர் வாயில் நுழையவில்லை. எந்தப் பெரிய ஊருக்குப் பக்கம் என்று கேட்டார். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்: "ஸ்ரீபெரும்புதூர்."

போலீஸ்காரரின் விரல்கள் தட்டச்சுப்பொறி மேல் நின்றுவிட்டன.

இந்த வருடம் மே மாதம் அங்கே தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை அந்தப் பெயரை இங்கே ஒருவரையும் உச்சரிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை. அந்த வாரம் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண் தடுமாறித் தடுமாறி அதைச் சொன்னாள். மில்லில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். நான் பஸ் ஏறும் இடம், வசந்தாவுக்குப் புடவை எடுத்த இடம், சினிமா பார்த்த இடம் எல்லாம் ஒரே நாளில் வேறு இடமாகிவிட்டன. என் ஊர்ப் பெயரைச் சொன்னால் இனி எல்லோர் முகமும் இப்படித்தான் மாறும் என்று அன்றே தெரிந்தது.

போலீஸ்காரர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா மாப்ள, நம்ம ஊரு பேரு தெரிஞ்சிக்கீது போல இவருக்கு" என்றார். மலருக்குப் புரிந்துவிட்டது. வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவள், போலீஸ்காரர் திரும்பி வந்ததும் எழுந்து நின்று பேசினாள். நான் புரிந்துகொண்ட அளவில் அவள் சொன்னது இது:

"ஐயா, அது அவர் பஸ் ஏறுகிற ஊர். அவ்வளவுதான். அங்கே நடந்ததற்கு என் அம்மா இங்கே ஒரு வாரம் அழுதாள். இவர் என் மாமா. இவரை எனக்குத் தெரியும். உங்கள் பலகையைப் பஸ் நிறுத்தம் என்று நினைத்துக் காத்திருந்தவர் இவர். அப்படிப்பட்டவர் எந்தக் கும்பலில் இருக்க முடியும்?"

அப்போது ரெனே உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது, பூட்ஸெல்லாம் சேறு. அந்தக் குளிர்காலச் சண்டையின்போது எட்டு வயதுப் பையனாக நிலவறைக்குள் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தவர். அவருடைய அக்காள் ஒருத்தி தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பவில்லை. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மலர் சொன்னதைக் கேட்ட ரெனே, குண்டைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போனது தன் தவறுதான் என்றார். பிறகு மூலையில் நின்ற குடைத் தாங்கியைக் காலால் தட்டினார். டங்கென்று ஒலித்தது. பித்தளை. பெரிய பீரங்கிக் குண்டின் காலி உறை.

"இது எங்கே வாங்கியது?" என்று போலீஸ்காரரைக் கேட்டார்.

போலீஸ்காரர் தன் குடையைப் பார்த்தார்.

"என் அம்மா இதே மாதிரி ஒன்றில் பூ வைத்திருந்தாள். பாதிரியார் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார். இந்த ஊரில் யாரை முதலில் கைது செய்யப் போகிறாய், தம்பி? எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் வெளியே எல்லோரும் சண்டையைத்தான் கேட்கிறார்கள். இங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது."

மலர் அதை மச்சானுக்குச் சொன்னாள். மச்சான் தலையாட்டினார். தன் பக்கமும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். "அவருகிட்ட சொல்லு பாப்பா. எங்க மணிமங்கலத்துலயும் பெரிய சண்டை நடந்துக்கீது. ராஜா காலத்துல. ஆனா நாங்க எல்லாத்தையும் சுத்தமா பொறுக்கிட்டோம். ஒரு கத்தி, ஒரு ஈட்டி, கண்ணுல படாது. இவங்க இன்னா, இத்தினி வருசமா அப்படியே போட்டு வச்சிக்கிறாங்க?"

ரெனே அதைக் கேட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். உள்ளே போன் மணி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து, மேலிடத்துக்கும் சந்தேகம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, மச்சானின் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

6

மறுநாள் பழைய கல்குவாரியில் அதை வெடிக்க வைத்தார்கள். ரெனே சொல்லி மச்சானையும் அழைத்தார்கள். தூரத்தில் மண்மேட்டுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். சிப்பாய் ஒருவர் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினார். மலர் மாமாவுக்காகத் தமிழில் எண்ணினாள்.

"பத்து... ஒம்பது... எட்டு... ஆறு..."

"ஏழு எங்க போச்சு?" என்றார் மச்சான்.

"ஏழு அப்புறம் மாமா."

"அப்புறம் எப்படி வரும்? எட்டுக்கு அடுத்தது ஏழு. மறுபடி சொல்லு."

அவள் மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தாள். எட்டுக்கு வருவதற்குள் வெடித்துவிட்டது.

காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டது அதிகம். மலை முழுவதும் எதிரொலித்தது. காக்கைகள் கூட்டமாக எழும்பின. மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் தங்கை கையிலும், அதற்கு முன்னால் தன் மார்பிலும் இருந்தது எதுவென்று அப்போதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது. பக்கத்தில் ரெனேயும் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மச்சானின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். யார் முதலில் பிடித்தது என்று நான் பார்க்கவில்லை. புகை அடங்கும் வரை இருவரும் விடவில்லை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. மலர் அவர்கள் நடுவில் நின்றிருந்தாள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தது எனக்கு வெடியைவிடப் பயமாக இருந்தது. சமையலறையில் வசந்தா சோறு போட்டாள். மிக்ஸித் துவையல். வசந்தாதான் மெல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு டிக்கெட் எடுக்கணும்னு சொன்னியே. ஸ்கூல்ல சொல்லி சர்ட்டிபிகேட் வாங்கணும் இல்ல?"

அடுத்த அறையில் மலர் பக்கம் புரட்டும் சத்தம் நின்றது.

மச்சான் மோரை ஊற்றிக்கொண்டார். சூபர்வைசர் ஷிப்டு மாற்றி அறிவிக்கும் குரலில் சொன்னார்:

"அதெல்லாம் வேணாம். பாப்பா இங்கியே இருக்கட்டும்."

"ஏண்ணா? நீதானே..."

"யோசிச்சிப் பாரு. அவளை இட்டுக்கினு பூட்டா, அடுத்த தபா நான் வரச்சொல்ல எனக்காக போலீஸ்ல யாரு பேசுறது? மாப்ளயா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். அடுத்த அறையிலிருந்து மலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கும் போடு" என்றாள். தமிழில்தான்.